வெற்றுக் குழாயில் சுற்றிய சுருள் குண்டூசியை ஏன் தூக்கவில்லை?

சுருளுக்குள் இரும்பு இல்லாததே காரணம். 5 செ.மீ. நீளமுள்ள பேனாக் குழாயில் 100 சுற்றுகள் சுற்றி, 1.5 வோல்ட் மின்கலத்தை இணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 2 ஆம்பியர் ஓடினாலும் காந்தப்புலம் நடுவில் ஏறத்தாழ 5 மில்லிடெஸ்லாவும் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு), நீங்கள் குண்டூசியை வைத்த வாய்ப்பகுதியில் அதில் பாதியும்தான் கிடைக்கும்.

நீங்கள் சுற்றியது வரிச்சுருள் (சாலினாய்டு), அதாவது குழாய் வடிவில் வரிசையாகச் சுற்றிய கம்பிச் சுருள். மின்னோட்டத்தால் காந்தமாகும் எதுவும் மின்காந்தம் என்பதால் இயற்பியல்படி இதுவும் மின்காந்தமே. ஆனால் பொருளைத் தூக்கும் மின்காந்தத்தில் தேனிரும்பு (மின்சாரம் நின்றதும் காந்தத்தன்மையை இழக்கும் மென்மையான இரும்பு) சுருளுக்குள் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். கடையில் ‘சாலினாய்டு’ என்று விற்பதிலோ உள்ளிருக்கும் இரும்புத் தண்டு நகரும். கதவுப் பூட்டைத் திறப்பது அந்த நகர்வுதான். அதை வாங்கினாலும் உங்கள் வேலைக்கு உதவாது.

குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் இரும்பு ஆணியைச் செருகி, அதன் முனையில் குண்டூசியை வைத்துப் பாருங்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் கம்பி முனைகளில் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சு சுரண்டப்படாமல் இருக்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: அரை மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் இச்சுருளின் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு, அதாவது மின்கலத்துக்கு இது கிட்டத்தட்டக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). சில நொடிகளுக்கு மேல் இணைப்பில் வைக்காதீர்கள். லித்தியம் மின்கலத்தை அறவே தவிருங்கள். கடினமான எஃகுத் திருகைச் செருகினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஊசிகள் ஒட்டியே இருக்கக்கூடும்.