புள்ளி வைத்த பிறகு கை நின்றுவிடுகிறதா?

கேள்வி: இருபது வருஷமாக வாசலில் கோலம் போடுகிறேன். சிக்குக் கோலம் என்றால் உயிர். முன்பெல்லாம் புள்ளி வைத்தால் போதும், கை தானாக ஓடும். இரண்டு மூன்று வருஷமாகச் சொந்தமாக எதுவுமே வருவதில்லை. மார்கழியில் செல்போனைப் பார்த்துத்தான் போடுகிறேன். போட்டு முடித்தால் யாரோ வீட்டுக் கோலம் மாதிரி இருக்கிறது. விடியற்காலையில் புள்ளிகளைப் பார்த்தபடி குந்தியே இருக்கிறேன். வரும் மார்கழிக்குள் பழையபடி கை ஓடுமா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஓடும், சகோதரி. நீங்கள் யோசிக்கிற நேரமும் இடமும்தான் தவறு. சாணம் தெளித்த தரை காய்வதற்குள் போட்டாக வேண்டும், பால்காரர் வந்துவிடுவார், உள்ளே உலை கொதிக்கிறது. கைக்குப் பழகிய கோலத்தைப் போடுவதற்கான நேரம் அது. புதிதாக ஒன்றை அப்போது கண்டுபிடிக்க முயன்றால் யாருக்கும் கை நிற்கும். புதுக்கோலத்தைப் பகலில், கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் பிறக்க விடுங்கள். வாசலுக்குப் போகும்போது கைக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.

செல்போன் கோலம் ஏன் உங்கள் கோலமாக ஆவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. முடிந்த படத்தைப் பார்க்கும்போது கண் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இழை எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பது கைக்கு ஏறுவதில்லை. அதனால் இந்த மூலை, அந்த மூலை என்று துண்டு துண்டாக ஒட்டிப் போடுகிறீர்கள். அடுத்த நாள் ஒரு வளைவுகூட நினைவில் இருக்காது.

இன்னொன்று, புள்ளியின் எண்ணிக்கை. 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி என்றால், அதாவது நடு வரிசையில் 15 வைத்து, இரு பக்கமும் இடைவெளிகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை போனால், மொத்தம் 169 புள்ளி. மனம் வறண்டிருக்கிற நேரத்தில் அத்தனை புள்ளிக்கு முன்னால் உட்கார்ந்தால் மலைப்புத்தான் வரும். ஒன்பது புள்ளிக்கு இறங்கி வாருங்கள்.

நோட்டில் நேர்ப்புள்ளியாக, ஒன்றன் கீழ் ஒன்று நேராக வரும்படி, மூன்றுக்கு மூன்று வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இழைகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ளும்படி முழுச் சிக்கும் போடுங்கள். மொத்தம் 12 வெட்டு வரும். இப்போது மூன்று நிறப் பென்சிலால் இழைகளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இருப்பது ஒரே இழை இல்லை, மூன்று. இரண்டு மூலைவாட்டில் நீண்டு கிடக்கும். மூன்றாவது வைரம் போல நிற்கும்.

இனி ஒரு வெட்டைத் திறந்து பார்க்கலாம். பெருக்கல் குறியை அழித்துவிட்டு அதே இடத்தில் இரண்டு வளைவு போட வேண்டும். இரு புள்ளிக்கும் நடுவே சுவர் போல வளைத்தால் புள்ளிகள் தனித்தனி அறையில் இருக்கும். புள்ளிகளின் மேலும் கீழுமாக வளைத்தால் இரண்டும் ஒரே அறைக்குள் வந்துவிடும். வெட்டிக்கொண்ட இரண்டும் வேறு வேறு இழையாக இருந்தால், எப்படித் திறந்தாலும் அவை ஒன்றாகிவிடும். நடுப்புள்ளியை ஒட்டிய நான்கு வெட்டில் ஏதாவது ஒன்றைத் திறந்தால் மூலைவாட்டு இழைகள் இரண்டும் சேரும். ஓரத்து எட்டில் ஒன்றைத் திறந்தால் வைரமும் வந்து சேரும். ஒன்பது புள்ளியும் ஒரே இழை!

நடுவிலேயே இரண்டைத் திறந்துவிட்டு ஓரத்தைத் தொடாமல் விட்டால் வைரம் தனியாகவே நிற்கும். நிறைய பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். சரிபார்க்க விரலை இழையில் வைத்து ஓட்டுங்கள். மீதியுள்ள பத்து வெட்டையும் இரண்டிரண்டு முறை கடந்து, தொடங்கிய இடத்துக்கே விரல் திரும்ப வேண்டும். அதற்கு முன்பே திரும்பிவிட்டால் இன்னும் ஒரு இழை எங்கோ தனியே இருக்கிறது.

நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று இரண்டே இரண்டு வெட்டைத் திறப்பதில் மட்டும், திருப்பிப் பார்த்தாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றுபோல் தெரிபவற்றைக் கழித்துவிட்டால், 16 வெவ்வேறு கோலங்கள் கிடைக்கும். பாதி மார்கழி! ஒரு நாளைக்கு ஒன்று வீதம் நோட்டில் போட்டு வாருங்கள். அடுத்தது என்ன என்று தவிக்க வேண்டியதில்லை, நேற்றுத் திறந்த இடத்தை இன்று மாற்றினால் போதும்.

இவை தனியாக நின்றால் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத்தான் இருக்கும். பிழை என்று அழித்துவிடாதீர்கள். அதையே கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி நான்கு முறை வையுங்கள், ஆறுக்கு ஆறு புள்ளியில் அருமையான கோலம் வரும். ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும் ஓரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஒரு வெட்டுப் போட்டு இணைக்க வேண்டும். மூன்று இணைப்பிலேயே நான்கும் ஒரே இழையாகிவிடும். அழகுக்காக நான்காவதையும் போட்டால் இழை மறுபடி இரண்டாகப் பிரியக்கூடும். அதனால் போட்டதும் விரலை ஓட்டிப் பாருங்கள்.

இழை ஒன்றாக இருக்கும்போது ஒரு வெட்டைத் திறந்தால், இரண்டு விதங்களில் ஒன்று அதைப் பிரிக்கும், மற்றது பிரிக்காது. ஒரு விதம் சரிப்படவில்லை என்றால் மற்றதைப் போடுங்கள். எந்த வெட்டிலும் இது பலிக்கும். இதைக் கை உணர்ந்துகொண்டால் பயம் போய்விடும், பாதி முடக்கம் அந்தப் பயம்தான்.

பெரிய நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் போகும்போது நெடுக்கே எத்தனை புள்ளி, குறுக்கே எத்தனை புள்ளி என்று பாருங்கள். இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, முழுச் சிக்கில் அத்தனை இழை வரும். 3க்கு 4, 4க்கு 5, 5க்கு 7 என்றால் ஒரே இழை. 4க்கு 6 என்றால் இரண்டு, 6க்கு 9 என்றால் மூன்று. சிறு துண்டும் சில விதியும் சேர்ந்து பெரிய கோலமாக விரிவதைத்தான், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் கணினி இலக்கணமாகவே எழுதி வெளியிட்டார்கள். உங்கள் கைக்கு அந்த இலக்கணம் ஏற்கெனவே தெரியும்.

புதிய வடிவத்துக்கு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல் கிரில், வயர் கூடையின் அடிப்பக்கம், கயிற்றுக் கட்டிலின் பின்னல், சேலைக் கரை, கைமுறுக்கின் முறுக்கு. எதையும் முழுதாக வரையாதீர்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒரே ஒரு துண்டை மட்டும், இரண்டு நிமிஷத்தில், நோட்டில் பதியுங்கள். பக்கத்திலேயே அது எத்தனையாகப் பிரிகிறது என்று எண்ணி எழுதுங்கள்.

இந்த எண்ணிக்கை முக்கியம். இட்லிப்பூவுக்கு நான்கு இதழ், நேர்ப்புள்ளியில் சிரமமில்லாமல் உட்காரும். வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் மூன்று பிரிவு, சம்பங்கிக்கு ஆறு இதழ். இரண்டும் ஊடுபுள்ளிக்குப் பொருந்தும், 7 புள்ளி 4 வரை வைத்தால் போதும், மொத்தம் 37. பூசணிப் பூவும் செம்பருத்தியும்தான் படுத்தும். அவற்றுக்கு ஐந்து இதழ். சதுரமாகப் புள்ளி வைத்தாலும் ஊடாக வைத்தாலும் ஐந்து சமமாக அமையவே அமையாது, எப்போதும் ஓர் இதழ் கோணிக்கொண்டு நிற்கும். உங்கள் கையில் குறை இல்லை, புள்ளியின் கணக்கு அப்படி. ஆறு இதழாக மாற்றுங்கள், இல்லையென்றால் இடம் வலம் மட்டும் ஒத்துப்போகும்படி பக்கவாட்டில் பார்த்த பூவாகப் போடுங்கள். நிஜப் பூசணிப் பூதான் சாணப் பிள்ளையார் தலையில் இருக்கப்போகிறதே.

கார்த்திகை முழுக்க நோட்டில் பழகுங்கள். வாரத்தில் ஒரு நாள், பிடித்த ஒன்றை மாலையில் மொட்டை மாடியில் மாவால் போட்டுப் பாருங்கள். காகிதத்தில் நன்றாக இருந்த நெருக்கமான வளைவுகள் மாவில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். புள்ளிகளுக்கு இடையே குறைந்தது நான்கு விரல் அகலம் விடுங்கள். தரை ஈரமாக இருந்தால் வெறும் அரிசி மாவு விரலிலேயே கட்டிக்கொள்ளும், கொஞ்சம் கல்மாவு கலந்தால் சீராக விழும்.

உடம்பு முடியாத நாளில், மனசு இல்லாத நாளில், கைக்குப் பழகிய பழைய கோலத்தையே போடுங்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். மார்கழி முதல் தேதிக்கு அந்த ஒன்பது புள்ளியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்து உள்ளே வந்ததும், எந்த வெட்டை எப்படித் திறந்தீர்கள் என்று தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள், இரண்டாம் தேதிக் கோலத்தை அங்கிருந்து தொடங்கலாம்.