ஜாக்கிக்கு ஏன் அங்கேயும் மரியாதை?

கேள்வி: பிரான்சில் லியோன் நகரில் வேலை பார்க்கும் என் மகன், கூட வேலை செய்கிறவர்களோடு ‘பெலோத்’ என்று ஒரு சீட்டு ஆடுகிறானாம். “நம்ம இருபத்தெட்டு சீட்டாட்டம் மாதிரியே ஜாக்கிதான் பெருசு, அடுத்தது ஒன்பது” என்கிறான். பிரான்சுக்கும் பொள்ளாச்சிக்கும் என்னங்க சம்பந்தம்?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: தம்பி சரியாத்தான் பிடிச்சிருக்காருங்கம்மா, ஆனால் பெலோத்தில் அது துருப்பில், அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தில், மட்டும்தான். பெலோத் பிரான்சில் வேர்விட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதன் விதிகள் அச்சேறியது 1921-ல். ஆனால் ஜாக்கியையும் ஒன்பதையும் ஆஸுக்கு மேலே உட்கார வைக்கும் வழக்கம் அதைவிடப் பழசு, டச்சுக்காரர்களுடையது. சுவிட்சர்லாந்தில் அதே குடும்பத்து ‘யாஸ்’ ஆட்டம் 1796-லேயே பதிவாகியிருக்கிறது. நம்ம இருபத்தெட்டும் டச்சுக்காரர்கள் வழியாக வந்ததாகத்தான் இருக்கும் என்பது சீட்டாட்ட ஆய்வாளர்கள் கருத்து. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, எங்க மாமன்மார் ஜாக்கியை ஓங்கி அடிக்கும் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். இந்த உறவைப் படித்தபோது அவ்வளவு சந்தோசம்!

கேள்வி: இருபத்தெட்டு தெரிந்தவர் பெலோத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
— ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: அதே 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆனால் பெலோத்தில் துருப்பைக் கவிழ்த்து ஒளிப்பதில்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டதும் ஒன்றைத் திருப்பி வைப்பார்கள். அந்த இனத்தைத் துருப்பாக எடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

துருப்பு ஜாக்கிக்கு 20 புள்ளி, ஒன்பதுக்கு 14. மற்ற இனங்களிலோ ஆஸ்தான் பெருசு. அங்கே ஜாக்கிக்கு வெறும் 2, ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால் முதலாவதை இறக்கும்போது ‘பெலோத்’, அடுத்ததுக்கு ‘ரெபெலோத்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், 20 கூடும்.

நம்மாட்கள் தடுமாறும் இடம் வேறு. இருபத்தெட்டில் கேட்ட இனம் கையில் இல்லையென்றால் துருப்பு போட்டு வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். பெலோத்தில் வெட்டியே ஆகணும். எதிராளி முன்னாடியே வெட்டியிருந்தால், முடிந்தால் அதைவிடப் பெரிய துருப்பாகப் போடணும். நம்ம ஜோடி அந்தச் சுற்றைப் பிடித்திருந்தால் மட்டும் விடுதலை. இந்தக் கட்டாயத்தில்தான் கையிலுள்ள துருப்பெல்லாம் வெளியே வந்து ஆட்டம் சூடு பிடிக்கிறது; எனக்கு இதுதான் பெலோத்தின் உயிர்.

கடைசிச் சுற்றுக்குத் தனியாக 10. பெலோத்-ரெபெலோத் 20-ஐ விட்டு எல்லாம் சேர்த்து 162. துருப்பை எடுத்தவர் ஜோடி 82 சேர்க்கணும். 80-ல் நின்றால் அத்தனையும் எதிராளிக்கே. அதனால் துருப்பு ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் தைரியமாக எடுங்க. வேற இனத்து ஜாக்கியை நம்பி மட்டும் எடுத்திடாதீங்க.