பூ கொட்டுகிறது, தாள் திருகுகிறது: காய்கறி விவசாயிகள் கேட்டவை

தை கடைசியில் தக்காளி நட்டேன். செடி தளதளவென்று நிற்கிறது. ஆனால் பங்குனியில் பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. நுண்ணூட்டம் இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. என்ன குறை?
- உடுமலைப்பேட்டை வாசகர்

செடி தளதளவென்று இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சத்துக் குறை இல்லை. இரவுச் சூடுதான் காரணம். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். பகலில் 35-ஐயும் இரவில் 24-ஐயும் தாண்டினால் மகரந்தம் மலடாகிவிடும். கருவுறாத பூவைச் செடி உதிர்க்கத்தான் செய்யும். இதற்கு நுண்ணூட்டம் மருந்தாகாது, வீண் செலவு.

இப்போது செய்யக்கூடியது: பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி 1 மி.லி.யை நாலரை லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பூக்கள் நனையும்படி தெளியுங்கள். அளவு கூடினால் இலை சுருண்டு கொழுந்து நின்றுவிடும், கண்ணளவில் ஊற்ற வேண்டாம். ஓரளவு பூ தங்கும், முழுதும் தங்காது. யூரியாவை நிறுத்துங்கள். தூரைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு போடுங்கள். மிஞ்சியிருக்கும் காய்க்கு நிழல் வேண்டும் என்பதால் இலையைக் கிள்ளாதீர்கள். வெயில் நேரே பட்ட காய் வெளுத்து வெந்துபோகும். தண்ணீரைத் தினமும் கொஞ்சமாக, ஒரே அளவாக விடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் காயின் அடி கறுத்து அழுகும். நன்கு காய்ந்த நிலத்தில் திடீரென்று கோடை மழை பெய்தால் பழம் வெடிப்பதும் இதே ஏற்ற இறக்கத்தால்தான்.

அடுத்த ஆண்டுக்கு நடவு நாளை மாற்றுங்கள். நட்ட 30 நாளில் பூக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மார்கழிக் கடைசிக்குள் நட்டால் மாசி முடிவதற்குள் பெரும்பகுதி காய் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால் வைகாசிக் கடைசி வரை பொறுத்திருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து உங்கள் பகுதி குளிர்ந்தபின் நடலாம். கோடையிலும் காய் வேண்டுமென்றால் 35 சதவீத நிழல்வலைதான் வழி. அந்தச் செலவு கோடை விலையில் திரும்புமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

புரட்டாசியில் நட்ட சின்ன வெங்காயம். தொடர்மழைக்குப் பின் தாள் முறுக்கிக்கொண்டு, கழுத்து நீண்டு, காய் திரளவில்லை. பக்கத்துக் காடெல்லாம் இப்படித்தான். காப்பாற்ற முடியுமா?
- பெரம்பலூர் மாவட்ட வாசகர்

உங்கள் ஊரில் கோழிக்கால் நோய் என்பார்களே, அந்தத் திருகல் நோய்தான் இது. பூசணத்தால் வருவது. விதைக்காயோடு வந்து, மழைத்துளி தெறிப்பில் செடிக்குச் செடி தாவும். முற்றிலும் திருகிய செடி இனித் தேறாது. பிடுங்கிக் காட்டுக்கு வெளியே எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள். மற்றவற்றுக்குப் பூசணக்கொல்லி தெளியுங்கள்: டெபுகோனசோல் லிட்டருக்கு 1 மி.லி., பத்து நாள் கழித்து மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். வெங்காயத் தாளில் மெழுகுப் படலம் இருப்பதால் ஒட்டுதிரவம் சேர்க்காத மருந்து உருண்டு மண்ணில் விழுந்துவிடும்.

உண்மையான வேலை நடவுக்கு முன்னால் இருக்கிறது. ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் வாங்குகிறீர்கள். நோய் வந்த காட்டுக் காயை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் நோயையும் சேர்த்து வாங்குகிறீர்கள். தட்டைப் பாத்தியை விடுங்கள். நான்கடி அகலம், அரை அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, இடையில் நீர் வடியப் பள்ளம் விடுங்கள். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி ஏக்கருக்கு 1 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் நிழலில் வைத்துக் கடைசி உழவில் போடுங்கள். விதை மூலம் வளர்க்கும் கோ 5 ரகத்தில், விதைக்காயோடு வரும் நோய்க்கு வழியில்லை. மழைப் பட்டத்துக்கு அதுவே எங்கள் பரிந்துரை.

கத்தரித் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகும் மண் ஈரமாகவே இருக்க, செடி வாடுகிறது. தண்ணீர் விடலாமா?
- விழுப்புரம் மாவட்ட வாசகர்

விடவே கூடாது. வேர் மூச்சுத் திணறியதால்தான் செடி வாடுகிறது. 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மண்ணிலுள்ள காற்று முழுதும் வெளியேறிவிடும், தழைச்சத்தும் கரைந்து ஓடிவிடும். மண் ஒட்டும் பதத்தில் களைக்கொத்து போடாதீர்கள், பாதி வேர் அறுந்துவிடும். வடிகால் வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரில் ஊற்றுங்கள். வேர் வேலை செய்யாததால் உணவை இலைவழி கொடுங்கள்: தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒரு முறை. மண் பொலபொலத்த பிறகே மேலுரம்.

ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். வாடிய செடியின் அடித்தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்துக்குச் செலவழிக்காமல் பிடுங்குங்கள். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மீண்டும் வேண்டாம்.

பாகலில் ஆண் பூவாகவே பூக்கிறது.
- தேனி வாசகர்

முதலில் ஆண் பூ வருவது இயல்பு. வெப்பமும் தழைச்சத்தும் மிகுந்தால் அது நீளும். பெண் பூவைக் கூட்டும் வளர்ச்சி ஊக்கியான எத்ரல் 2.5 மி.லி.யைப் பத்து லிட்டர் நீரில் கலந்து, விதைத்த 15-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளிக்க வேண்டும். பந்தல் ஏறிய கொடிக்குப் பலன் குறைவு.

ஆடிப்பட்டத்தில் வெண்டை விதைத்தால் முளைத்துக் காய்கிறது. கிணற்றிலும் நீர் குறைவு. எப்போதுதான் விதைப்பது?
- துறையூர் வாசகர்

ஆடியில் உள்மாவட்டங்களுக்குக் கிடைப்பது சிதறு மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அதுவும் 2016-ல் 62 சதவீதம் குறைந்தது. எனவே மாதத்தைப் பார்க்காமல் மண்ணையும் கிணற்றையும் பாருங்கள். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி, அடி மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். மேல் ஈரத்தை நம்பி விதைக்காதீர்கள்.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. நீர் என்றால் 4,000 லிட்டர். வெயில் காலத்தில் காய்க்கும் பயிர் நாளுக்கு 5 மி.மீ. வரை கேட்கும், அதாவது 20,000 லிட்டர். 200 லிட்டர் டிரம்மை மோட்டார் எத்தனை நொடியில் நிரப்புகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அளந்தால் உங்கள் கிணறு எவ்வளவு நிலத்தைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். அரை ஏக்கருக்குத்தான் நீர் என்றால் அரை ஏக்கர் மட்டும் விதையுங்கள். அதையும் மூன்றாகப் பிரித்து, 15 நாள் இடைவெளியில் போடுங்கள். ஒரு பகுதி வறட்சியில் மாட்டினாலும் அடுத்தது தப்பும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது, தோட்டக்கலை அலுவலகத்தில் பதியுங்கள்.

மருந்து தெளித்த ஒரு மணி நேரத்தில் மழை. திரும்பத் தெளிக்க வேண்டுமா?
- ஓசூர் வாசகர்

மேங்கோசெப், காப்பர் போன்றவை இலையின் மேல் தங்கி வேலை செய்பவை. கழுவிப் போயிருக்கும், இலை உலர்ந்ததும் மீண்டும் தெளியுங்கள். ஊடுருவும் மருந்து என்றால் தெளித்து நான்கைந்து மணி நேரம் ஆகியிருந்தால் போதும். ஒரு மணி நேரம் போதாது. விவசாயிகளுக்கான மேகதூத் கைபேசிச் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வரும் வானிலை அறிவுரையைப் பார்த்துவிட்டு மருந்தைக் கலக்குங்கள்.