காணி உறுதி இல்லாத மலையகக் குடும்பம், நகரப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி இலங்கையின் கிளிநொச்சியிலிருந்து வந்திருக்கிறது. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கு வந்த பல மலையகக் குடும்பங்களுக்கு இதே சிக்கல்தான்.

அனுமதியில் 50 வீதம் வீட்டின் அண்மைக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவரின் சகோதரருக்கு; மீதி வேறு பிரிவுகளுக்கு. தாய் தகப்பன் அந்தப் பாடசாலையில் படித்திராவிட்டால் அந்த 25 வீதத்தில் கைவைக்கவே முடியாது. ஏற்றத்தாழ்வு தொடங்குவதே அங்கேதான். மூத்த பிள்ளையும் அங்கே படிக்கவில்லையென்றால், பெரும்பாலும் மிஞ்சுவது அண்மைப் பிரிவு.

அதில் புள்ளி இழக்கக்கூடிய ஓர் இடம் வாக்காளர் இடாப்பு. கடந்த ஐந்து வருடப் பதிவு பார்ப்பார்கள். வாடகைவீடு மாறி ஒரு வருடம் பெயர் விடுபட்டாலும் குறையும். எனவே பிள்ளை பிறந்ததுமே கிராம சேவகரிடம் பதிவைச் சரிபாருங்கள். உறுதி இல்லையென்றால் காணி அனுமதிப்பத்திரம், மின்கட்டணப் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். விதிகள் மாறும், அந்த வருடச் சுற்றறிக்கையை வாசியுங்கள்.

விண்ணப்பத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். "இடமில்லை" என்ற வாய்ப்பேச்சுக்கு மேன்முறையீடு செய்ய முடியாது! தெரிவானவர்களின் தற்காலிகப் பட்டியல் வந்ததும் உங்களுக்குக் கிடைத்த புள்ளிகளின் விபரத்தோடு எழுத்தில் மேன்முறையீடு கொடுங்கள். பாரபட்சம் என்றால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.