சவுக்குத் தோப்பு வேலைக்கு டிராக்டரில் செயின்சா, கோடாரி, ஆப்பு, எண்ணெய் கேன் எல்லாம் வைக்க ஸ்டாண்டு எப்படிச் செய்வது?

முதலில் எங்கே மாட்டுவது என்று முடிவு பண்ணுங்கள். டிரெய்லர் இழுக்காத நாளில் பின்னாடி கலப்பை மாட்டும் மூன்று கை இணைப்பான மூன்று பாயிண்ட் லிங்கேஜ்தான் சரியான இடம், ஆனால் அதில் மாட்டும் இரும்பு முளையின் (பின்) அளவைப் பார்க்காமல் வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள்: லிங்கேஜின் அளவு வகை கேட்டகிரி 1 என்றால் கீழ் பின் 22 மி.மீ., கேட்டகிரி 2 என்றால் 28 மி.மீ. டிரெய்லர் மாட்டினால் திருப்பத்தில் இடிக்கும், அப்போது மட்கார்டு பக்கம்தான். அந்தத் தகடு மெலிசு, அதிர்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றி கிழிந்துவிடும், அதனால் மேலும் கீழும் கனமான பட்டை வைத்து இறுக்குங்கள்.

செயின்சாவுக்குத்தான் ரொம்ப மெனக்கெட வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி விட்டு உறை செய்து, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் முழுதும் அதில் இறங்கும்படி விடுங்கள், 18 அங்குல பார் என்றால் உறை அதைவிட ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். அடியை மூடவே கூடாது! மூடினால் செயின் ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து களிமண் மாதிரி கெட்டியாகிவிடும். மெஷின் உட்காரும் இடத்தில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு, மேலே ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான்.

பெட்ரோல் கேன் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். கவிழ்ந்தால் காக்கும் ரோல்பாரில் ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ வேண்டாம், அதன் பலமே போய்விடும், யு-போல்ட் போதும். டிராக்டரிலேயே வெல்டு வைப்பதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.