கமராப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். மாரி கழிந்து லென்ஸை எடுத்தால் உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். தோல் உறைக்குள் போட்டுப் பூட்டித்தானே வைத்திருந்தேன்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பூட்டி வைத்ததுதான் வினை, தங்கச்சி. அது பூஞ்சணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கார்த்திகை, மார்கழியில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. இருட்டும் ஈரமும் போதும், அது முளைத்துவிடும். என் பழைய 135 மி.மீ. லென்ஸும் இப்படித்தான் போனது. தோல் உறையோடு அலுமாரிக்குள், மனைவியின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சேலை தப்பிவிட்டது! தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கழற்றித் துடைப்பித்தும், கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சணம் அரித்த தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்றும் படம் புகை மூடினாற் போலத்தான் வரும்.

உங்களுடையதைக் கமராவிலிருந்து கழற்றி, பின்பக்கமாக ரோச் அடித்துப் பாருங்கள். நூல்கள் ஓரத்தில் மட்டும் என்றால் உடனே திருத்துபவரிடம் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். இனிமேல் ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். ஈரமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும்; 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். சமைக்கிற சட்டியில் மட்டும் வறுக்காதீர்கள், அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. சிலர் அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள். தவிட்டுத் தூள் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

இதையெல்லாம் விடப் பெரிய மருந்து, கிழமைக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுப்பது.

நிக்கொன் டி3500, அதோடு வந்த 18-55 லென்ஸ். இரவில் வடமோடிக் கூத்து எடுத்தால் ஆட்டக்காரர் எல்லாம் இழுபட்டு வருகிறார்கள். கமராவை மாற்றவா?
– வாசகர், ஆரையம்பதி

கமரா பாவம், தம்பி. 55 வரை இழுத்தால் அந்த லென்ஸின் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/30 விநாடியில் எடுத்ததை 1/250இல் எடுக்கலாம். ஆட்டக்காரர் கிறுகுகிற வேகத்துக்கு அது வேண்டும். வாங்கும்போது, குவிக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உள்ள 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிற பழைய 'டி' வகை, மோட்டார் இல்லாத உங்கள் கமராவில் தானாகக் குவியாது.

ஒன்று: 3 மீற்றர் தூரத்தில் 1.8இல் எடுத்தால் தெளிவு ஒரு சாண் ஆழத்துக்குத்தான். கிரீடத்தைக் குவித்தால் முகம் மங்கலாம், கண்ணைக் குவியுங்கள். கூத்து ஆடும் களரிக்குள் பிளாஷ் அடிக்கவே வேண்டாம். ஆடுகிறவருக்குக் கண் கூசும், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரிடமும் ஏச்சு வாங்குவீர்கள்.

பாசிக்குடாவில் ஏசி அறையை விட்டு வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகிறது. பழுதா?
– வாசகர், வாழைச்சேனை

பழுதில்லை, பனித்திருக்கிறது. பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். கட்டியிருக்கிற சாரத்தால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகுதான் துணி.