கோட்டைக்குப் பக்கத்தில் வீடு, கொல்லையில் தாழி: புதுக்கோட்டை நினைவுச் சின்னங்கள் பற்றிய கேள்வி பதில்

திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு, மேலே ஒரு மாடி எடுக்கலாமா சார்?

ஒழுகலைச் சரிசெய்யலாம், மாடி எடுக்க முடியாது. பழங்கால நினைவுச் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முதல் 100 மீட்டருக்குள் பழுது பார்ப்பதும் புதுப்பிப்பதும் மட்டும்தான், அதுவும் அனுமதி வாங்கிய பிறகு. உயரத்திலோ அகலத்திலோ ஓர் அடி கூடினாலும் அது புதுக் கட்டுமானம்.

பலர் அளப்பதிலேயே தப்பு செய்கிறார்கள். மலை உச்சியிலிருந்து அளந்துவிட்டு "நான் தள்ளித்தான் இருக்கிறேன்" என்கிறார்கள். அளக்க வேண்டியது பாதுகாக்கப்பட்ட எல்லைக்கோட்டிலிருந்து. திருமயத்தில் ஊருக்குள்ளேயே வெளிமதில், வாசல் என்று மிச்சங்கள் இருப்பதால் எல்லை வரைபடத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, வீடு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டும். பத்திரம் மட்டும் போதாது, அது மனையைத்தான் சொல்லும். பழைய வீட்டு வரி ரசீதும் மின் இணைப்புத் தாளும் கைகொடுக்கும். அவற்றோடு இப்போதைய நிலையைக் காட்டும் படங்களையும், செய்யப்போகும் வேலையின் விவரத்தையும் வைத்து இணையவழியில் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மனுவை வாங்கும் 'தகுதி வாய்ந்த அதிகாரி' 15 நாளில் அதைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம், பிறகு உத்தரவுக்கு 1 மாதம். மழைக்காலத்துக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் கோடையிலேயே மனு போய்ச் சேர வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் காலி மனை கோட்டை எல்லையிலிருந்து 180 மீட்டரில் இருக்கிறது. கட்டலாமா?

அது ஒழுங்குமுறைப் பகுதி, அனுமதியோடு கட்டலாம். வரைபடத்தில் மொத்த உயரத்தைக் காட்டுங்கள்: கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து. தொட்டியை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டிப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரு கோயில் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். கொடும்பாளூர் மூவர்கோயில், நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரம், சித்தன்னவாசல் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் உள்ளவை மாநிலத் தொல்லியல் துறையிடம். வழிபாடு நடக்கும் பெரும்பாலான கோயில்கள் அறநிலையத் துறையிடம். ஒரே வளாகத்தில் இரண்டு துறைகளும் இருக்கலாம். குடுமியான்மலையில் பூசை நடக்கும் கோயில் ஒரு நிர்வாகம், பின்னால் பாறையில் உள்ள குடைவரையும் இசைக் கல்வெட்டும் வேறு நிர்வாகம். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்தால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் எந்தப் பட்டியலிலும் இல்லை. விமானத்தில் அரசமரம் முளைத்திருக்கிறது, சுவரெல்லாம் கறுப்பு. சாண்ட் பிளாஸ்டிங் செய்து சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரியா ஐயா?

இரண்டும் வேண்டாம். மணலை வேகமாக அடித்தால் கறுப்போடு கல்லின் மேல்தோலும் போகும். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான், ஓரம் மழுங்கினால் 'ன' எது 'ள' எது என்று தெரியாது. சொரசொரப்பான கல்லில் அடுத்த மழைக்கே பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். நைலான் பிரஷும் நிறையத் தண்ணீரும் போதும். கம்பி பிரஷும் ஆசிட்டும் உள்ளேயே வரக்கூடாது.

சிமென்டில் சிக்கல் வேறு. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும், செங்கல் பொடியும். மேலே பூச்சு பளபளவென்று இருக்கும், தட்டினால் கூடுச் சத்தம் வரும். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது ஊறவிட்டு, 1 பங்குக்கு 2 முதல் 3 பங்கு மணல் சேருங்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் விட்டு அரைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் பூசாமல், ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு வெடிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையில் சோம்பல் பட்டால்தான்.

அரசமரத்தைப் பிடுங்காதீர்கள். வேர் போன வழியில் உள்ள செங்கல் அத்தனையும் கூடவே வரும். தண்டை அறுத்து, கட்டையில் சாய்வாகத் துளையிட்டுக் களைக்கொல்லி விடுங்கள். வேர் செத்துக் காய்ந்தபின் இடுக்குகளைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்பலாம். கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்தது என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் துறை அனுமதி.

கல்வெட்டை வாசிக்க மாவு தடவலாமா அண்ணா?

மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதுவும் கூடாது. மாவுக்குப் பூச்சி வரும், எண்ணெய் கல்லில் இறங்கிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். கேமராவை நேராக நிறுத்தி, விளக்கை மட்டும் நாலு பக்கமும் மாற்றி நாலு படம். ஒரு ஸ்கேலும் படத்தில் இருக்கட்டும். ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தை மையால் தாளில் பதித்து எடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அதற்கு அனுமதியும் வேண்டும். புதுக்கோட்டைக் கல்வெட்டுகளின் பாடம் 1929லேயே அச்சாகியிருக்கிறது, முதலில் அதில் தேடுங்கள்.

சித்தன்னவாசல் ஓவியம் மூலிகைச் சாற்றால் வரைந்தது என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண், பச்சைக்குப் பச்சைமண். இலைச்சாறாக இருந்தால் வெளுத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

கொல்லையில் குழி வெட்டும்போது பெரிய பானை வாய் தெரிகிறது. என்ன செய்வது?

வெட்டுவதை நிறுத்துங்கள். தாழியாக, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பானையாக, இருந்தால் தூக்கும்போதே உடைந்துவிடும். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள், எலும்பும் மணியும் அதில்தான் இருக்கும். ஒரு படம் எடுத்து, மேலே ஓலையோ சாக்கோ போட்டு மூடி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

காசு, நகை கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, ஏறத்தாழ எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமை கோரி யாரும் வராவிட்டால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். 1898இல் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகள் இந்த மாவட்டத்து மண்ணில் இருந்தவைதான். அதனால் "சும்மா பழைய காசு" என்று தட்டானிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.